விளக்கு வைத்த பிறகு அளந்த வேகம்

கோமதி, வேலு, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்கள் அம்மா வாங்கிப் பேசிவிடுவாள். அதனால் தாளில்.

போன வாரம் கோமதி கேட்டாள். "யப்பா, ஆபீஸ்ல குடுத்த படிவத்துல 'மாலை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குக் கீழ 'விளக்கு வைத்த பிறகு'ன்னு அச்சடிச்சிருக்கு. இன்டர்நெட் ஸ்பீடு எழுதுற தாள்ல விளக்கு எதுக்கு வருது? எவன் இத எழுதினான்?" பக்கத்தில் வேலு சிரித்ததும் கேட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. எழுதினவன் நான்தான். அச்சில் ஏறினது பின்னால்.

நீங்கள் இரண்டு பேரும் இப்போது நான் பார்த்த வேலைக்கே போயிருக்கிறீர்கள். ஒருத்தி வீடு வீடாகப் போய் அளக்கிறாள். ஒருத்தன் மதுரையில் உட்கார்ந்து வருகிற தாள்களைச் சரிபார்க்கிறான். நான் பத்தாவதோடு நின்றவன். எப்படி அளப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் கிடையாது. அளந்தது தப்பு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதுவும் ஒரே ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தறி ஃபிட்டர். தறிச் சத்தத்தில் இடது காது மந்தமானதும் டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொன்னார். இன்டர்நெட் வேகம் அளக்க மதுரை ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் வேலையை விளக்கினார். வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஜனங்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். வெறும் விலையை வைத்து ஒப்பிட்டால் தப்பாகப் போகும். வேகம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறுந்துபோகிறது, இத்தனை ஜி.பி. தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்களா, இதையெல்லாம் பார்த்து விலையைச் சீர்செய்த பிறகுதான் ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார். கூட இருந்த மூன்று பேரும் முழித்தார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"மேடம், இது காயத்துக்குக் கட்டுற நம்ம காஸ் துணி மாதிரிதான். ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே ரேட்டு சொல்லுவான். ஒருத்தன் துணி நெருக்கமா இருக்கும். இன்னொருத்தன் துணிக்குள்ள கைய விட்டு அந்தப் பக்கம் எடுத்துரலாம். பூதக்கண்ணாடி வச்சு அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு எண்ணாம எது சல்லிசுன்னு சொல்ல ஏலாது."

மேடம் சிரித்துவிட்டு, "அண்ணே, இனிமே புதுசா வாரவங்களுக்கு நானும் இதையே சொல்லிக்கிறேன்" என்றார். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. முதல் நாளே இவ்வளவு விவரமாகப் பேசியவன்தான் பின்னால் இழையை எண்ணாமல் எழுதினான். புரிவது வேறு, செய்வது வேறு.

எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு வீடு. ராஜபாளையத்தில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறு. கையில் கொடுத்த சின்ன மிஷினை வைத்து, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அளக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஆறில் நான்கு வீட்டுக்கு லைன் கொடுப்பது உங்கள் சங்கர் மாமா. அதில் தப்பு ஒன்றுமில்லை. அந்தத் தெருக்களில் அவன் கேபிள்தான் ஓடுகிறது.

அந்த நான்கில் ஒன்று ஒரு டீச்சர் வீடு. பெயர் எழுதமாட்டேன், அளக்கிற வீட்டின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். துபாய்ப் பக்கம் இருக்கிற நம் ஆட்களின் பிள்ளைகளுக்கு வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை அவருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு கிளாஸ். கணவருக்கு மில்லில் ஷிப்ட் குறைத்திருந்தார்கள். வீடு ஓடியது டீச்சரின் கிளாசில்தான்.

நான் அந்த வீட்டுப் படி ஏறியதும் டீச்சரின் மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "ஏட்டி, அளக்கிறவுக வந்துட்டாக. டி.வி.ய அமத்து. எல்லாரும் போனைக் கீழ வைங்க. அவுக மிஷினுக்கு எடைஞ்சலா இருக்கும்." வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கும்போது நிற்கிற மாதிரி. மிஷினில் நம்பர் ஜோராக ஏறும். மோர் வரும். குடித்துவிட்டு எழுதிக்கொண்டு வருவேன். பன்னிரண்டு வீட்டிலும் இதே மரியாதைதான். அந்த மரியாதை என் நம்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று நேரம். மாலை அளவை நான் ஐந்து, ஐந்தரைக்கே முடித்துவிடுவேன். விளக்கு வைத்த பிறகு, பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய் உட்காருவது நம் பக்கம் வழக்கமில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அப்படியே வளர்ந்துவிட்டேன். படிவத்திலும் 'மாலை' என்று மட்டும்தான் இருந்தது. ஐந்து மணியும் மாலைதானே. நான் பொய் எழுதவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை கடைசி அளவு முடித்துவிட்டு, தேரடிப் பக்கம் இருக்கிற சங்கர் மாமா ஆபீசில் டீ குடிக்க உட்கார்ந்தேன்.

"என்ன அத்தான், நம்ம லைனு பாஸா, ஃபெயிலா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மாப்ளே."

"காட்டுங்க, காட்டுங்க. நான் சொன்னா அக்கா நம்ப மாட்டா."

தாள் பையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி. எடுத்துக் காட்டினேன். பெயர் இல்லை, தெருப் பெயர்தானே இருக்கிறது என்று ஒரு சமாதானம். நான் ஒரு வாய் டீ குடித்து முடிப்பதற்குள் அவன் போனில் போட்டோ எடுத்துவிட்டான்.

"அத எதுக்குப்பா எடுக்கிற?"

"சும்மாதான் அத்தான். அக்காவுக்கு அனுப்ப."

திங்கட்கிழமை மேடம் போன் செய்தார். "அண்ணே, உங்க ரெண்டு ஊரும் பட்டியல்ல எங்கேயோ மேல போயி நிக்குது. தரத்தையும் சேர்த்துப் பாத்தா பெரிய பெரிய நாடெல்லாம் உங்களுக்குக் கீழதான். நெசமாவே இம்புட்டு நல்லா வருதா?"

"நம்ம ஊரு மேடம்!" என்றேன்.

அவர் கேட்டது சந்தேகம். நான் அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டேன். வேலு, நீ இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறாய். உன் போனை எடுத்ததும் ஒருத்தர் சந்தோஷப்பட்டால், அவரிடம் இன்னொரு கேள்வி கேள்.

"சரி, வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசுக்குப் போயிரும். பொறவு அடுத்த வருசம் வரைக்கும் மாத்த முடியாது" என்று மேடம் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் என் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அண்ணாச்சி, கேபிள் ஆபீஸ்ல ஒங்க தாள மாட்டியிருக்காக. லேமினேஷன் போட்டு, காலண்டருக்குப் பக்கத்துல."

அவர் நிதானமாகத்தான் சொன்னார். கொஞ்ச நாளாகவே சாயங்காலம் கிளாஸ் நடுவில் அறுந்துபோகிறது. அந்த மாதத்தில் இரண்டு தடவை முழுசாகவே நின்றுவிட்டது. மூன்றாவது தடவை நின்றால் கிளாசில் இருந்து எடுத்துவிடுவோம் என்று அந்த கிளாசை நடத்துகிற கம்பெனியில் எழுதிவிட்டார்கள். லைன் கொடுக்கிறவரிடம், கோளாறு லைனில்தான் என்று ஒரு லெட்டர் வாங்கிச் சனிக்கிழமைக்குள் அனுப்பினால், கிளாஸ் நின்றதைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். டீச்சர் லெட்டர் கேட்டுப் போயிருக்கிறார். சங்கர் மாமா சுவரைக் காட்டியிருக்கிறான்.

"மதுரை ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து மிஷின் வச்சு அளந்திருக்கு, ஒங்க தெருவும் இதுல இருக்கு, நல்லாப் பாருங்கங்காக. லைன் நல்லாத்தான் இருக்கு, ஒங்க லேப்டாப்புதான் கெழடாப் போச்சுங்காக. பக்கத்துல நின்ன ரெண்டு பேரு சிரிக்காக." பிறகு கேட்டார். "நான் பொய்யா சொல்லுதேன் அண்ணாச்சி?"

"நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வாரேன் டீச்சர்" என்றேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். தாள் மதுரைக்குப் போயாகிவிட்டது. மூன்று நாளில் அங்கிருந்தும் போய்விடும். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், ஐந்து மணி மாலை இல்லையா என்று நான் திருப்பிக் கேட்கலாம். பதில் கையில் இருந்தது. அந்தப் பதிலை டீச்சரிடம் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுகிற பெரிய கணக்கில் என் தாள் ஒரு தூசி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தூசி ஒரு வீட்டுக் கண்ணில் போய் விழுந்துவிட்டது.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏழு மணிக்கா? விளக்கு வச்ச பொறவு ஒத்தையிலயா போவீக? இருங்க, நானும் வாரேன்."

அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வாரமும் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கு முன்னாலேயே டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். மாமியார் வழக்கம்போல டி.வி.யை அமத்தப் போனார்.

"வேண்டாம்மா. யாரும் எதையும் அமத்தாதீக. நான் வராத அன்னைக்கு எப்பிடி இருப்பீகளோ, அப்பிடியே இருங்க."

"அதெப்பிடி? வீட்டுக்கு வந்தவுகள ஒக்கார வச்சுட்டு நாங்க நாடகம் பாக்கவா?"

உங்கள் அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "போடுங்க மதினி. பஸ்ஸுல வந்ததுல இன்னைக்குக் கதைய விட்டுட்டேன். அந்த மருமக என்ன ஆனா?"

டி.வி. ஓடியது. டீச்சரின் கணவர் போனில் கிரிக்கெட் பார்த்தார். டீச்சர் கிளாஸ் ஆரம்பித்தார். திரையில் ஒரு சின்னப் பெண். நான் மூலையில் மிஷினை வைத்தேன். பகலில் தொண்ணூறைத் தொட்ட நம்பர் பதினொன்றில் நின்றது. பிறகு ஏழு. பிறகு சுற்றிக்கொண்டே இருந்தது.

"சொல்லும்மா, ஏ...ணி" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பிள்ளையின் குரல் துண்டு துண்டாக வந்தது. "டீச்சர், நீங்க நின்னுட்டீங்க... டீச்சர், உங்க வாய் தொறந்தே இருக்கு..." அப்புறம் அதுவும் இல்லை. டீச்சர் இன்னும் இரண்டு முறை "ஏணி" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். அது மூன்றாவது தடவை.

டி.வி.யில் நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நம்பரை எழுதினேன்.

"அண்ணாச்சி, இப்ப எழுதுனத ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா? கம்பெனிக்கு அனுப்புதேன்" என்றார் டீச்சர்.

கொடுத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. என் தாளால் கெட்டது, என் தாளாலேயே சரியாகட்டுமே என்று. ஆனால் அந்தத் தாளில் மற்ற வீடுகளும் இருக்கின்றன. அது போக, ஒருத்தர் கேட்டார் என்று கொடுத்துத்தான் இவ்வளவும் வந்தது.

"குடுக்கக் கூடாது டீச்சர்."

"அவுகளுக்குக் குடுத்தீகள்ல?"

"அது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வாங்கி, அதே சோதனையை அவரே எப்படிச் செய்வது, நேரம் தெரிகிற மாதிரி எப்படிப் படம் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டார். முகம் தெளியவில்லை.

கிளம்பும்போது உங்கள் அம்மா டீச்சரிடம், "லைன் குடுக்கிறது எந்தம்பிதான். நான் போயிக் கேக்கட்டா?" என்றாள். டீச்சர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "கேளுங்க" என்றார். ஒரு வீட்டில் அளக்கும்போது பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்பதும் விதிதான். உங்கள் அம்மாவை நான் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. இதையும் சேர்த்தே மேடத்திடம் பிறகு ஒப்புக்கொண்டேன்.

மற்ற ஐந்து வீட்டையும் வேகமாக அளந்து முடித்துவிட்டு, கேபிள் ஆபீஸ் சாத்துகிற நேரத்துக்குப் போனோம்.

"வா அக்கா! அத்தான், பாத்தீகளா ஒங்க தாள எம்புட்டு மரியாதையா மாட்டியிருக்கேன்னு!"

"அதக் கழட்டு மாப்ளே. அது தப்பான தாளு."

"நீங்கதான எழுதினீக?"

"நான்தான். அதனாலதான் நானே வந்து சொல்லுதேன்."

அவன் சிரிப்பு நின்றது. "சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல தொறந்தா நான் என்ன செய்ய அத்தான்? கல்யாண வீட்டுல போட்ட எலை அம்புட்டுத்தான், பந்திக்கு வந்தவுக ஜாஸ்தி."

உங்கள் அம்மா கேட்டாள். "ஏலே சங்கரு, அப்ப எலை இல்லைன்னு சொல்லு. எல்லாரும் சாப்பிட்டுட்டாகன்னு எழுதி எதுக்குச் செவுத்துல மாட்டியிருக்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, லெட்டர்னு ஒண்ணு எழுதிக் குடுத்தா நாளைக்குத் தெருவே வந்து நிக்கும்."

"நிக்கட்டும். அதுல நானும் ஒருத்தியா வந்து நிக்கேன்."

அன்றைக்கு அவன் லெட்டர் தரவில்லை. யோசிக்கிறேன் என்றான். தாளை மட்டும் கழட்டினான்.

வியாழக்கிழமை காலையில் மேடத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மணி, அமத்தின டி.வி., போட்டோ, லேமினேஷன், உங்கள் அம்மா. மேடம் நேராகக் கேட்டார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆறும் திரும்ப அளந்தாச்சா?"

"ஆச்சு மேடம்."

"ராஜபாளையம்?"

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு வீட்டையும் பாத்துருவேன்."

"முடியாத வீட்டுக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க. குத்துமதிப்பா நிரப்பாதீங்க. காலியா இருந்தா ஏன்னு கேப்பாங்க, நான் பதில் சொல்லிக்கிறேன். நிரப்பியிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு குரல் மாறாமலே சொன்னார். "தாளை வெளியில காட்டினதுக்கு எழுத்துல விளக்கம் குடுங்க. அடுத்த சுத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் உங்களுக்கு இல்ல. சொந்தக்காரர் லைன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சரி மேடம்" என்றேன். நியாயம்தான்.

அன்று மாலை உங்கள் அம்மாவோடு ராஜபாளையம் வீடுகளுக்குப் போனேன். ஐந்து வீடு ஆயிற்று. ஆறாவது வீட்டில் துக்கம். அந்தக் கட்டம் காலியாகவே போனது. வெள்ளிக்கிழமை தாள் மாறியது. நம் இரண்டு ஊரும் பட்டியலின் உச்சியில் இருந்து இறங்கி நடுவில் எங்கோ போய் உட்கார்ந்தன. மேடம் என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்பப் பக்கத்துல வச்சுப் பாக்கலாம் அண்ணே" என்றார், அவ்வளவுதான்.

சங்கர் மாமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே டீச்சர் வீட்டுக்குப் போய் லெட்டரைக் கொடுத்திருக்கிறான். இரண்டே வரி. மாலை நேரத்தில் எங்கள் லைனில் தடங்கல் இருந்தது என்று. டீச்சர் அதையும், தன் போனில் எடுத்த படங்களையும் சனிக்கிழமை அனுப்பினார். கம்பெனி அவரை கிளாசில் இருந்து எடுக்கவில்லை. ஆனால் அந்தத் துபாய்ப் பிள்ளையின் வீட்டார் வேறு டீச்சரிடம் மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக சிங்கப்பூரில் ஒரு பிள்ளை கிடைத்தது, நம் நேரத்துக்கு நாலரை மணி கிளாஸ். நான் முதலில் எழுதின வேகம் அந்த கிளாசுக்குத்தான் பொருத்தம். இதையெல்லாம் டீச்சர் உங்கள் அம்மாவுக்குத்தான் போன் செய்து சொன்னார். எனக்கு அவர் பிறகு கூப்பிடவே இல்லை.

அந்த லேமினேஷன் தாள் கொஞ்ச நாள் கேபிள் ஆபீசில் ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் கிடந்தது. சங்கர் மாமா தெரு லைனை இரண்டாகப் பிரிக்க மூன்று மாதம் ஆயிற்று. தெரு வந்து நின்றது உண்மை. உங்கள் அம்மா போய் நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்த சுற்றுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறொரு ஆளைப் போட்டார்கள். என்னிடம் இருந்த வெற்றுப் படிவக் கட்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கிற அன்றைக்கு உங்கள் அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் 'மாலை' என்ற அச்சுக்குக் கீழே, பேனாவால், இடம் பத்தாததால் சின்ன எழுத்தில், 'விளக்கு வைத்த பிறகு' என்று எழுதினேன். பாதியில் பேனா தீர்ந்துவிட்டது. எதிரே இருந்த கடையில் இன்னொன்று வாங்கிவந்து மிச்சத்தையும் எழுதி முடித்தேன்.